பால்சா விமானத்தின் வால் ஏன் முறுக்கிக்கொள்கிறது, எப்படிக் கட்டினால் நேராக நிற்கும்?

கோபிச்செட்டிபாளையம் பக்கமிருந்து ஒரு கல்லூரித் தம்பி கேட்டிருக்கிறார். இறக்கை 120 செ.மீ நீளம், 20 செ.மீ அகலம் உள்ள, மின்மோட்டாரில் பறக்கும் மாடல் பயிற்சி விமானம். வரைபடத்தில் இருந்தபடி வாலை பால்சா என்ற லேசான மரத்தின் 5 மி.மீ தகட்டில் முழுசாக வெட்டி, ஒரு பக்கம் மட்டும் சீலர் (மரத்தின் நுண்துளையை அடைக்கும் பூச்சு) அடித்து, மொட்டை மாடியில் காயவைத்தாராம். சாயங்காலம் போய்ப் பார்த்தால், வாலில் படுக்கையாக இருக்கும் ஸ்டெபிலைசர் முறுக்கிக்கொண்டு கிடந்தது. ஒருவழியாக நிமிர்த்தி ஒட்டிய பிறகு, மூக்கில் 90 கிராம் ஈயம் வைத்தால்தான் விமானம் சமநிலைக்கு வருகிறது. வாலின் மரம் மட்டும் 70 கிராம். வாலை மறுபடி கட்டலாமா, கட்டினால் எப்படி என்பது கேள்வி.

மறுபடி கட்டுங்கள் தம்பி. நிமிர்த்தி வைத்த அந்த ஸ்டெபிலைசர் ஐப்பசி மழை வந்ததும் திரும்ப முறுக்கும். 90 கிராம் ஈயத்தையும் காலமெல்லாம் சுமந்து பறக்கத் தேவையில்லை. நாலைந்து நாள் சாயங்கால வேலைதான் இது.

நான் கோவை கணபதியில் ஃபவுண்டரிகளுக்குப் பேட்டர்ன் (வார்ப்புக்கான மர மாதிரி) செய்யும் பட்டறையில் 27 வருடம் மரவேலை பார்த்தவன். பம்ப்செட் உறைக்குத் தேக்கில் பேட்டர்ன் இழைத்துப் பழகிய கை. பால்சாவில் விமானம் கட்ட ஆரம்பித்து 19 வருடம் ஆகிறது. தேக்குக்கும் நல்ல பால்சாவுக்கும் எடையில் ஏறக்குறைய ஆறு மடங்கு வித்தியாசம். ஆனாலும் நாரோட்டம் பார்க்காமல் கை வைத்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் பழிவாங்கும்.

முதலில் எடைக் கணக்கு. வெள்ளிக்கோல் பார்த்திருக்கிறீர்களா? இல்லாவிட்டால் வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். கோலின் நீண்ட பக்கத்தில் தொங்கும் சின்னக் குண்டு, குட்டைப் பக்கத்தில் தொங்கும் பெரிய பாரத்தைச் சமன் செய்துவிடும். உங்கள் விமானமும் அப்படித்தான். சமநிலைப் புள்ளி இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் 25 முதல் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். உங்கள் 20 செ.மீ இறக்கையில் 5 முதல் 6 செ.மீ. அங்கிருந்து வால் 60 செ.மீ பின்னால் இருக்கிறது, ஈயம் வைத்த இடம் 20 செ.மீ முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாலில் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் மூன்று கிராம் வைத்தாக வேண்டும். ஆக, வாலில் 1 கிராம் தடித்தால் விமானம் 4 கிராம் தடிக்கிறது. உடலில் வேறெந்த இடத்திலும் இப்படி ஒரு தண்டனை கிடையாது. அதனால்தான் கட்டுபவர்கள் தங்களிடம் இருப்பதிலேயே லேசான மரத்தை வாலுக்கென்று எடுத்து வைப்பார்கள்.

உங்கள் வாலின் அளவில் தப்பில்லை. இறக்கைப் பரப்பு 2400 சதுர செ.மீ. ஸ்டெபிலைசரும், அதன் பின்னால் மேலும் கீழும் அசையும் எலிவேட்டரும் சேர்ந்து 44 செ.மீக்கு 11 செ.மீ, அதாவது 484 சதுர செ.மீ, இறக்கையில் ஐந்தில் ஒரு பங்கு. நட்டுக்குத்தலாக நிற்கும் ஃபின்னும், அதன் பின்னால் இடம் வலம் திரும்பும் ரட்டரும் சேர்ந்து 190 சதுர செ.மீ சுமாருக்கு வரும்; 8 சதவீதம். பயிற்சி விமானத்துக்கு இது நிதானமான அளவு. எடையைக் குறைக்கிறேன் என்று வாலைச் சின்னதாக்கிவிடாதீர்கள். பரப்பு அப்படியே இருக்கட்டும், மரத்தை மாற்றுங்கள்.

இனி மரம். இங்கேதான் உங்கள் கதை ஆரம்பித்திருக்கிறது. வாலின் மொத்தக் கனஅளவு 5 மி.மீ தகட்டில் சுமார் 337 கன செ.மீ. அது 70 கிராம் என்றால், கன செ.மீக்கு 0.2 கிராமுக்கு மேல். பால்சாவில் இது கட்டை ரகம். மோட்டார் மவுண்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய மரம் உங்கள் விமானத்தின் வாலுக்குப் போயிருக்கிறது. கடையில் ஒரே அடுக்கில் இருக்கும் இரண்டு தகடுகளுக்குள் இரண்டு மடங்கு எடை வித்தியாசம் சர்வசாதாரணம். பால்சா ஈக்வடார் நாட்டிலிருந்து அதிகமாக வருகிறது. நம் இலவ மரமும் பருத்தியும் சேர்ந்த குடும்பம்தான். ஆறிலிருந்து பத்து வருடத்துக்குள் கடகடவென்று வளர்ந்து வெட்டுக்கு வந்துவிடும். வளர்ந்த மண்ணையும் தண்ணீரையும் பொறுத்து ஒரு மரம் பஞ்சாகவும் அடுத்த மரம் கட்டையாகவும் இருக்கும். பச்சை மரத்தில் தண்ணீர் ஏராளம். சூளையில் காயவைத்த பிறகுதான் இந்த லேசுத்தனம் வருகிறது. அப்படித் தண்ணீரை விட்டுப் பிரிந்த மரம் என்பதால் ஈரம் எங்கே கிடைத்தாலும் குடித்துவிடும். முறுக்கலைப் பற்றிப் பேசும்போது இதைத் திரும்பத் தொடுகிறேன்.

கடைக்குப் போகும்போது சமையலறைத் தராசைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். 100 செ.மீ நீளம், 10 செ.மீ அகலம், 5 மி.மீ கனம் உள்ள தகடு 500 கன செ.மீ. அது 50 கிராம் நிறுத்தால் மிக லேசு. 55 முதல் 65 வரை வாலுக்கு அருமையான மரம். 80க்கு மேல் போனால் உடலுக்கு வைத்துக்கொள்ளலாம். நீங்கள் வாங்கியது 100 கிராமைத் தாண்டியிருக்கும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தால் பார்க்கட்டும். "ஏனுங்க, பத்துத் தகட எடுத்துப் போடுங்க, நிறுத்துப் பாத்து ரெண்டு எடுத்துக்கறேன்"னு கேட்டு வாங்குவதில் வெட்கமே வேண்டாம்.

எடைக்கு அடுத்தது வெட்டு. தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சிலவற்றில் நீள நீளமாகக் கோடுகள் மட்டும் ஓடும். அகலவாக்கில் வளைத்தால் காகிதம் மாதிரிச் சுருளும். வேறு சிலவற்றில் மேற்பரப்பு முழுக்க மீன் செதில் போல மினுமினுப்பான புள்ளிகள் தெரியும். வால்பாறைத் தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் பலகையில் ஒரு வெட்டுக்கு வெள்ளிப் பூ விழுமே, அதே சமாச்சாரம்தான். மரத்தின் மையத்திலிருந்து பட்டையை நோக்கி ஓடும் கதிர் இழைகள் மேற்பரப்பில் வெட்டுப்பட்டுத் தெரிகின்றன. இந்தச் செதில் வெட்டுத் தகடு அகலவாக்கில் வளையவே வளையாது. வற்புறுத்தினால் பட்டென்று பிளக்கும். வாலின் தட்டையான பாகங்களுக்கு இதுதான் வேண்டும், ஏனென்றால் ஈரத்தில் குழிவதும் இதில் குறைவு. வளைத்து ஒட்ட வேண்டிய ஓரங்களுக்கு மட்டும் கோட்டு வெட்டை எடுங்கள். நான் வேலை பழகிய மேஸ்திரி, பலகையைக் கையில் எடுத்ததும் முதலில் அதன் முனையைப் பார்ப்பார், பிறகு முகத்தை. "முனையில வட்டம் எப்பிடிப் போகுதுன்னு பாரு கண்ணு, பலக எப்பிடித் திரும்பும்னு அதுவே சொல்லிப்போடும்" என்பார். தேக்குக்குச் சொன்னது. பால்சாவுக்கு இன்னும் அதிகமாகவே பொருந்துகிறது.

இப்போது சட்டம். முழுத்தகடு வேண்டாம், குச்சிகளால் சட்டம் கட்டி மேலே ஃபிலிம் (சூடு காட்டினால் இறுகும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) போர்த்துங்கள். 44 செ.மீ நீளத்தில் முன்விளிம்புக்கு 10 மி.மீ அகலப் பட்டை ஒன்று, எலிவேட்டர் மாட்டும் பின்விளிம்புக்கு அதே போல ஒன்று. நடுவில் உடல் மேல் உட்காரும் இடத்துக்கு 6 செ.மீ அகலத்தில் முழுத்தகட்டுத் துண்டு. அந்தத் துண்டில் நாரோட்டம் வாலின் நீளவாக்கில் போக வேண்டும். இரண்டு நுனிக்கும் குறுக்காக ஆளுக்கொரு பட்டை. எல்லாமே 5 மி.மீ கனம். உள்ளே இடைவெளியை 5 மி.மீ சதுரக் குச்சிகளால் நிரப்புங்கள். அவற்றை ஏணிப்படி போல நேர்நேராக வைக்காமல், ரயில் பாலத்துக் கர்டர் போல மாறி மாறிச் சாய்த்து, முக்கோணம் முக்கோணமாக வைக்க வேண்டும். இதில்தான் உங்கள் முறுக்கலுக்குப் பாதி மருந்து இருக்கிறது. ஏணியைப் பிடித்துத் திருகினால் அது திரும்பும், ஒவ்வொரு கட்டமும் சாய்சதுரமாகக் கோணிக்கொள்ளும். முக்கோணம் அப்படிக் கோணாது. எடை ஒன்றுதான், குச்சியின் எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கையில் பிடித்துத் திருகிப் பார்த்தால் வித்தியாசம் அப்படியே தெரியும்.

இந்தக் கணக்கில் ஸ்டெபிலைசர் சட்டம் 85 கன செ.மீ சுமாருக்கு வரும். எலிவேட்டரை 3 செ.மீ அகலத்தில் முழுத்தகடாகவே வைத்துப் பின்னோக்கி 2 மி.மீக்கு இழைத்துவிடலாம். ஃபின்னும் ரட்டரும் இதே பாணி. 0.12 அடர்த்தியுள்ள மரத்தில் எல்லாம் சேர்ந்து 22 முதல் 25 கிராம். உங்கள் 70 கிராமில் 45 கிராம் மிச்சம். மூன்றால் பெருக்கினால் மூக்கில் 135 கிராம். 90 கிராம் ஈயமும் போய், பேட்டரியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைக்க வேண்டியிருக்கும்.

கட்டும் பலகை சமமாக இருக்க வேண்டும். நோட்டீஸ் போர்டுக்குப் போடும் சாஃப்ட் போர்டு துண்டு ஒன்றை சமையலறை கிரானைட் மேடை மேல் வைத்து, ஸ்டீல் ஸ்கேலை நெட்டுக்கு நிறுத்தி நாலு திசையிலும் அடியில் வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் வேறு பலகை. அதன் மேல் வரைபடம், அதன் மேல் பாலிதீன் தாள். குண்டூசியைக் குச்சியின் நடுவில் குத்தாதீர்கள், நார் பிளந்துவிடும். குச்சிக்கு இரண்டு பக்கமும் எக்ஸ் போலச் சாய்த்துக் குத்தினால் அதுவே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

குச்சிகளை அறுத்துப் பொருத்துவதில் அவசரம் கூடாது. புது பிளேடு போட்டுக்கொள்ளுங்கள். மழுங்கின பிளேடு பால்சாவை வெட்டாது, நசுக்கும். ஒவ்வொரு குச்சியையும் கால் மில்லிமீட்டர் நீளமாக வெட்டி, உப்புத்தாள் ஒட்டிய கட்டையில் இரண்டு தேய்ப்புத் தேய்த்து, இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சரியான குச்சி எது தெரியுமா? பசை இல்லாமல் இடத்தில் நிற்கும், பலகையைத் தூக்கிச் சாய்த்தாலும் விழாது, ஆனால் சுண்டுவிரலால் தட்டினால் சத்தமில்லாமல் வெளியே வந்துவிடும். தட்டியும் வராத குச்சி திணிக்கப்பட்ட குச்சி. அது முன்விளிம்பை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஊசிகளை எடுத்த நிமிடம் சட்டம் வில்லாகும். இப்படி நாலு குச்சி திணித்துவிட்டு "பசை சரியில்லை" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பசைக்கு நான் வெள்ளை ஃபெவிகாலைத்தான் சொல்வேன். ஃபெவி குவிக் ரகப் பசை வேகமானது. ஆனால் காய்ந்தால் கல்லாகிவிடும். உப்புத்தாள் போடும்போது சுற்றியிருக்கும் பால்சா குழிந்து பசை மட்டும் மேடாக நிற்கும். அதன் ஆவி கண்ணை எரிக்கும், ஜன்னலைத் திறந்துவைக்காமல் அதில் வேலை செய்யாதீர்கள். ஃபெவிகாலைப் பல்குச்சி நுனியில் தொட்டு வைத்தால் போதும். குச்சியின் வெட்டு முனை வைக்கோல் தண்டுக் கட்டு மாதிரி, பசையை உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொள்ளும். மூட்டில் ஒன்றுமே மிஞ்சாது. அதனால் முதல் தடவை மெல்லிசாகத் தேய்த்துவிட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். இரண்டாவது தடவை தொட்டு இடத்தில் வையுங்கள். இந்த இரட்டைத் தடவலை ஒருமுறை பழகிவிட்டால் மூட்டு விடவே விடாது. பசை உலர ராத்திரி முழுக்கப் பலகையிலேயே கிடக்கட்டும். நடுவில் எடுத்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும், எடுக்காதீர்கள்.

முறுக்கல் ஏன் வந்தது என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். அப்பளத்தை வெயிலில் போட்டால் ஓரம் தூக்கிக்கொள்கிறதே, அதேதான். சீலர் அடித்த பக்கம் ஒரு வேகத்தில் காய்ந்தது, அடிக்காத பக்கம் வேறு வேகத்தில் காய்ந்தது. சீலர் காயும்போது தானும் சுருங்கும். மொட்டை மாடிச் சூடு வேறு. நார் நேராக ஓடாத தகடு என்றால் அந்தச் சுருக்கம் கோணலாக இழுத்து முறுக்கலாகிவிடும். எது பூசினாலும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பூசி, நிழலில், நெட்டுக்கு நிறுத்திக் காயவையுங்கள். முறுக்கிய வாலை எறிய வேண்டாம்; அதில் நேராக இருக்கும் துண்டுகளை உடலின் உள் தாங்கிகளுக்கு வெட்டிக்கொள்ளலாம். புதுச் சட்டத்தில் லேசாக முறுக்கல் தெரிந்தால், கெண்டி மூக்கிலிருந்து வரும் ஆவியில் காட்டி, எதிர்த்திசையில் நேர்நிலையைத் தாண்டிக் கொஞ்சம் திருகிப் பிடித்து, ஆறும்வரை விடாமல் வைத்திருங்கள். தகடு குழிந்திருந்தால் குழிந்த பக்கத்தில் மட்டும் ஈரத்துணியால் ஒற்றி, புத்தகங்களுக்கு அடியில் ஒரு ராத்திரி வைத்தால் நிமிரும். குழிந்த பக்கம் ஈரம் குடித்து உப்பும், அதுதான் சூட்சுமம்.

எலிவேட்டரை மாட்டும் கீலுக்குக் கடைகளில் ஒட்டும் ரகம் கிடைக்கும், நன்றாகவே உழைக்கும். ஆனால் நம் ஊரில் இருந்துகொண்டு நூல் கீலைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கக்கூடாது. கயிற்றில் கட்டி வட்டமாகப் பறக்கவிடும் கண்ட்ரோல் லைன் விமானக்காரர்கள் அந்தக் காலத்தில் செய்த முறை. திருப்பூரில் ஓவர்லாக் மிஷினுக்குப் போடும் பாலியஸ்டர் நூல் ஒரு கோன் வாங்கினால் ஆயுசுக்கும் போதும். இரண்டு விளிம்புகளையும் உருட்டிவிட்டு, விளிம்பிலிருந்து 3 மி.மீ உள்ளே இரண்டு பாகத்திலும் நேருக்கு நேர் ஊசித் துளை போடுங்கள். ஓரிடத்துக்கு நாலு ஜோடித் துளை, 5 மி.மீக்கு ஒன்று. நூல் ஸ்டெபிலைசரின் மேல்புறமிருந்து இடுக்கு வழியாக எலிவேட்டரின் அடிப்புறம் போகும். அங்கே துளையில் ஏறி எலிவேட்டரின் மேல்புறம் வந்து, மறுபடி இடுக்கு வழியாக ஸ்டெபிலைசரின் அடிப்புறம் இறங்கி, துளையில் ஏறி மேலே வரும். எட்டுப் போட்ட மாதிரி. பக்கத்துக்கு மூன்று இடத்தில் இப்படித் தைத்து, துளைகளில் மட்டும் ஒரு சொட்டு மெல்லிய பசை. இடுக்கில் பசை பட்டால் நூல் விறைத்து ஒருநாள் அறுந்துவிடும். ஒழுங்காகத் தைத்தது சொந்தக் கனத்திலேயே தொங்கி ஆடும், இடைவெளி விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்குத்தான் இருக்கும். அதற்கு மேல் இடைவெளி இருந்தால் காற்று ஒழுகி எலிவேட்டரின் பலன் குறையும்.

எலிவேட்டரின் இடது வலது பாதிகளை 2.5 மி.மீ பியானோ கம்பியால் (விறைப்பான எஃகுக் கம்பி) இணைத்து எபாக்ஸி பசை வையுங்கள். எலிவேட்டரை அசைக்கும் கம்பி மாட்டும் கொம்புதான் ஹார்ன்; அதை மாட்டும் இடத்தில் 1 மி.மீ பிளைவுட் ஒட்டு வேண்டும். ஹார்னில் கம்பி மாட்டும் துளை கீல் கோட்டுக்கு நேர் மேலே இருக்கட்டும். முன்னே பின்னே தள்ளினால் மேலே ஒரு அளவும் கீழே வேறு அளவும் திரும்பும். சர்வோவிலிருந்து (எலிவேட்டரை இயக்கும் சின்ன மோட்டார்) வரும் கம்பி நடுவில் வளைந்து கொடுக்கக்கூடாது. அதில் ஆட்டம் இருந்தால் வேகத்தில் எலிவேட்டர் உதறும், உதறல் ஆரம்பித்தால் நொடியில் வாலே பிய்ந்துவிடும்.

அடுத்து சொல்லப்போவதை நிதானமாகப் படியுங்கள். ஒரு ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உச்சத்தில் இருந்த நேரம். காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு கொறங்காட்டை (மேய்ச்சல் நிலம்) ஒட்டி, அறுவடை முடிந்த சோளக்காட்டில் பறக்கவிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் கட்டிய விமானம். மேலிருந்து இறக்கி நிமிர்த்தும்போது சின்னதாக ஒரு சத்தம், சுள்ளி ஒடிகிற மாதிரி. ஸ்டெபிலைசரின் வலது பாதி தனியாகக் காற்றில் மிதந்து போனது. விமானம் கிளுவை வேலிக்குள் நேராக இறங்கியது. பொறுக்கி வந்து திண்ணையில் உட்கார்ந்து முறிந்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். நடுவில் நார்நாராகப் பிய்ந்திருந்தது, அது இயல்பு. மேலேயும் கீழேயும் 1 மி.மீ ஆழத்துக்கு மட்டும் கண்ணாடி மாதிரி வழவழப்பு. அது முறிவு இல்லை, வெட்டு. என் கத்தி.

நடந்தது இதுதான். ஃபிலிம் போர்த்திய பிறகு, ஸ்டெபிலைசர் உடல் மேல் உட்காரும் இடத்தில் ஃபிலிமை உரித்துவிட வேண்டும். மரமும் மரமும் ஒட்டினால்தான் பிடிக்கும், ஃபிலிமின் மேல் ஒட்டினால் ஃபிலிமோடு கழன்றுவிடும். ஸ்கேல் வைத்துக் கத்தியால் கோடு போட்டு உரித்தேன். ஃபிலிமோடு சேர்ந்து பால்சாவின் நாரும் அறுபட்டது. 5 மி.மீ கனத்தில் மேலே 1, கீழே 1 போனால் மிச்சம் 3. வளைவைத் தாங்கும் பலம் கனத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 5க்கு 25 என்றால் 3க்கு 9. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு பலத்தில், அதுவும் வளைவு உச்சமாக விழும் இடத்தில், அந்த வால் பறந்திருக்கிறது. அத்தனை நாள் தாங்கியதே பெரிது. அன்றிலிருந்து அந்த இடத்தில் நான் கத்தியை எடுப்பதில்லை. பழைய சால்டரிங் அயர்ன் ஒன்றின் நுனியை ஃபிலிம் மேல் ஒரே சீரில் இழுத்தால் ஃபிலிம் மட்டும் உருகிப் பிரியும், நாருக்கு ஒன்றும் ஆகாது. முதலில் வீண் துண்டில் நாலைந்து தடவை இழுத்துக் கை பழகுங்கள். கோட்டை உடலின் விளிம்புக்கு 1 மி.மீ உட்பக்கமாகவே போடுங்கள், ஃபிலிம் மூட்டுக்குள் கொஞ்சம் நுழைந்து நிற்கும்.

பொருத்துவதற்குக் கொத்தனார் முறையை விட நல்லது எதுவும் இல்லை. இறக்கையை உடலில் மாட்டி, மூக்கின் நடுவில் ஒரு குண்டூசி குத்தி, அதில் நூல் கட்டுங்கள். நூலை ஸ்டெபிலைசரின் வலது நுனிக்கு இழுத்து முடிச்சுப் போடுங்கள்; அதே முடிச்சு இடது நுனியிலும் வந்து உட்கார வேண்டும். உட்கார்ந்தால் வால் கோணலில்லை. பிறகு மூன்று மீட்டர் பின்னால் போய்க் குனிந்து இறக்கையையும் ஸ்டெபிலைசரையும் ஒரே பார்வையில் பாருங்கள். ஒரு பக்கம் தூக்கியிருந்தால் உடலின் மேல் உட்காரும் பரப்பை உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு, மறுபடி பார்வை. இடுக்கில் மெல்லிய துண்டு திணித்து ஒட்டாதீர்கள், தேய்த்துச் சரிசெய்யுங்கள். ஃபின்னுக்கு இரண்டு பக்கமும் மூலமட்டம் வைத்து, எபாக்ஸி இறுகும்வரை விலகாமல் டேப்பால் பிடித்து வையுங்கள். ஃபின்னின் அடியில் ஒரு நாக்கு விட்டு வெட்டி, அது ஸ்டெபிலைசரைத் துளைத்து உடலுக்குள் இறங்கும்படி செய்தால் பலம் பல மடங்கு. இரண்டு மூலையிலும் முக்கோணக் குச்சி ஒட்டுங்கள். இந்த நிலையில் நான் ஒரு மணி நேரம் செலவழிப்பேன், சில சமயம் அதற்கும் மேல். ஒட்டுவது ஐந்து நிமிடம்.

ஃபிலிம் போர்த்தும்போது மேல்பக்கத்தை முழுக்க இழுத்து முடித்துவிட்டுக் கீழ்ப்பக்கத்துக்குப் போகாதீர்கள். இரண்டு பக்கமும் ஓரங்களை மட்டும் முதலில் ஒட்டி, பிறகு மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று மாற்றி மாற்றிச் சூடு காட்டி இறுக்குங்கள். ஒரு பக்க இழுப்பு சட்டத்தைத் திருகிவிடும், சீலர் செய்த அதே வேலையை.

உப்புத்தாள் போடும்போது முகக்கவசம் கட்டுங்கள். அந்தத் தூசு மாவு மாதிரி, நுரையீரலுக்கு ஆகாது.

உங்கள் கேள்வியின் கடைசியில் "பால்சா இவ்வளவு லேசாக இருக்கிறதே, தாங்குமா?" என்று ஒரு சந்தேகம் கேட்டிருந்தீர்கள். 1940இல் முதலில் பறந்த மாஸ்கிட்டோ என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தின் உடல், இரண்டு பிளைவுட் அடுக்குகளுக்கு நடுவே பால்சா வைத்துச் செய்தது. காற்றாலை இறக்கைகளின் உள்ளடுக்கிலும் இதே மரத்தை வைப்பது உலகமெங்கும் வழக்கம். பல்லடம், உடுமலைச் சாலையில் போகும்போது அந்த இறக்கைகளின் நீளத்தைப் பாருங்கள். நாரை அறுக்காமல், ஈரம் ஏற்றாமல் வைத்தால் பால்சா தாங்கும்.

முதல் பறப்புக்குக் காலை ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவில் போங்கள். வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை நம் பக்கம் ஒன்பது மணிக்கு மேல் மேற்கே இருந்து காற்று பிடித்துக்கொள்ளும். கோவைப் பக்கம் வந்து பறக்கவிடுவதாக இருந்தால், பீளமேட்டு விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் இருக்கின்றன. 2021 ட்ரோன் விதிகளின் வான்வெளி வரைபடத்தைப் பார்த்து, அனுமதி வேண்டாத இடமாகத் தேர்ந்தெடுங்கள். மோட்டார் போடாமல் இடுப்புயரப் புல் இருக்கும் இடத்தில் ஓடிப்போய்க் கையால் ஒருமுறை மிதக்கவிட்டுப் பாருங்கள். நேராகப் போய் மெதுவாக உட்கார்ந்தால் மோட்டார் போடலாம். ஒரு பக்கமாகத் திரும்பினால் டிரிம்மை (ரிமோட்டில் செய்யும் நுண் திருத்தம்) தொடுவதற்கு முன் வாலை மறுபடி நூல் பிடித்துப் பாருங்கள்.

சட்டம் பலகையிலிருந்து வந்ததும், ஃபிலிம் போர்த்துவதற்கு முன்னால், தராசில் வைத்து எத்தனை கிராம் என்று எழுதுங்கள் தம்பி. 28க்கு மேல் இருந்தால் எந்தத் துண்டு கனமாகப் போயிற்று என்று சேர்ந்து பார்க்கலாம்.